பால் ஒத்துக்காத ஏஜென்ட்

இன்சூரன்ஸ் விற்கிறவனுக்கு நாக்குதான் முக்கியம் என்பார்கள், நம்பாதீர்கள், வயிறுதான். எந்த வீட்டில் பாலிசி பேசினாலும் முதலில் காபி வரும். அதைக் குடிக்காமல் பேச்சு நகராது. பால் பட்டாலே பொருமுகிற வயிற்றோடு 2007-ல் கடலூரில் ஏஜென்டாகச் சேர்ந்தேன். உங்களுக்கும் அப்படியொரு வயிறு இருந்தால் நாம் சொந்தக்காரர்கள்.

மஞ்சக்குப்பத்து டீச்சர்

ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக் காபியில் பால் திக்காக இருந்தது. போனஸ் பற்றி விளக்கத் தொடங்கியதுமே வயிற்றுக்குள் லாரி ஸ்டார்ட் ஆனது. பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போனேன். திரும்பி வந்து விட்ட இடத்தில் ஆரம்பித்தேன், மறுபடியும் ஓடினேன். இரண்டாம் தடவை பாத்ரூமிலிருந்து வந்தபோது டீச்சர் பேனாவை மூடி வைத்திருந்தார்.

"தம்பி, மொதல்ல உங்க பேர்ல ஒரு பாலிசி போட்டுக்குங்க. எங்களப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

சேத்தியாத்தோப்பு வைத்தியம்

இப்படியே பல வீடுகள் கைநழுவின. வருஷ முடிவுக்குள் பெரிய பாலிசி ஒன்றாவது பிடிக்காவிட்டால் ஏஜென்சி போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, நிஜமாகவே பயந்துபோனேன். அதனால் சேத்தியாத்தோப்பு உரக்கடைக்காரர் வீட்டில் உஷாராக, "வயிறு சரியில்லைங்க, காபி வேணாம்" என்றேன். மனுஷன் பதறிப்போய், வயிற்றுக்குப் பாலைவிட மருந்து ஏது என்று ஒரு சொம்பு நிறைய, பனங்கற்கண்டு போட்டுக் கொண்டுவரச் சொன்னார். மறுக்க மனசு வரவில்லை. பாலிசி அடுத்த வாரம் என்றார். பால் உடனே வேலையைக் காட்டியது. சிதம்பரம் பஸ் கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சார், வயக்காட்டப் பாத்தாலே விசில் குடுக்கச் சொன்னா நான் எப்ப சிதம்பரம் போறது?"

டாக்டர் சொன்னது

இறங்கியதும் டாக்டரிடம்தான் ஓடினேன். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறதாம். அதைச் செரிக்கிற சுரப்பு குழந்தைப் பருவத்தில் நிறைய இருக்கும், வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுமாம். செரிக்காமல் குடலுக்குள் இறங்குகிற சர்க்கரை புளித்துக் காற்றாகிறது, தண்ணீரை இழுக்கிறது, நம்மை ஓடவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை, தயிரும் மோரும் அளவோடு ஒத்துக்கொள்ளும், பாலை மட்டும் குறையுங்கள் என்றார். உருகிப்போய் அவருக்கே ஒரு பாலிசி பேசலாமா என்று கேட்டேன்.

"பேசலாமே! உக்காருங்க, ரெண்டு காபி சொல்றேன்."

காடாம்புலியூர்

கடைசி நம்பிக்கை முந்திரி வியாபாரி ராமலிங்கம். நல்ல நாள் பார்த்து வரச் சொல்லியிருந்தார். அவர் மனைவி காபியோடு வந்தார். வருவது வரட்டும் என்று, "பால் ஒத்துக்காதுங்கம்மா, வரக்காப்பி குடுங்க" என்றேன். அந்த அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "நல்ல காரியம் பேச வந்துட்டு, சாவு வூட்ல குடுக்குற வரக்காப்பியக் கேக்குறாரே, இது என்னா எழவு வூடா?" என்றார். ஏஜென்சி போயிற்று என்றே நினைத்தேன். ராமலிங்கம் பாலிசித் தாளைக் கீழே வைக்காமல் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"நான் செத்தா உனக்கு எவ்ளோன்னுதான் இவ்ளோ நேரமா பேசிட்டிருக்கோம். அதுக்கேத்த காப்பியத்தான கேக்குறாரு? போட்டுக் குடு, கையெழுத்துப் போடணும்."

ஏஜென்சி தப்பியது, ஆனால் "கொஞ்சூண்டு பால் சேத்தா ஒண்ணும் ஆவாது" என்று ஊற்றிவிடுகிற அன்புக்கு எதிராக மட்டும் எந்தக் கம்பெனியும் இன்னும் பாலிசி கொண்டுவரவில்லை.