பேட்ஜில் ராசாத்தாள்

அக்காவின் காரியத்தன்று இரண்டு பெயர் சொல்லி அழுதார்கள். ஆர்.எஸ்.புரம் பட்டுக்கடையின் பழைய வாடிக்கையாளர்கள் "ரஞ்சனி" என்றார்கள். புதிதாகச் சேர்ந்த கடைப் பெண்கள் "ராசாத்தாளக்கா" என்றார்கள். ஊர்க்காரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "ஏனுங்க அருளு, அந்த ரஞ்சனிங்கறவங்களும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

ராசாத்தாள் என்பது அப்பாவின் அத்தை பெயர். துடியலூருக்கு மேற்கே கிணறும் தோட்டமுமாக இருந்த வீடுகளில் ஆசையாக வைத்த பெயர். அக்கா வேலைக்குப் போகும் காலத்தில் எங்கள் கிணறு வற்றி, தோட்டமும் கைமாறியிருந்தது. பெயரின் மதிப்பும் அதோடு இறங்கிவிட்டது. பட்டுக்கடை முதலாளி பாலுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"ராசாத்தாளா? களையெடுக்க வாரவ பேராட்டம் இருக்குதே அம்மணி. பட்டு எடுக்க வாரவிக மூஞ்சியச் சுளிப்பாங்க. ரஞ்சனின்னு போட்டுக்கோ."

சொன்னவரின் தலைக்கு மேலே, மாலை போட்ட படத்தில், அவரைப் பெற்ற காளியாத்தாள் அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். அது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. அக்காவுக்கும்தான்.

அந்தக் கடையில் அது வழக்கம். பேட்ஜில் என்ன பெயர் என்பதை முதலாளிதான் முடிவு செய்வார். முதலாளி வீட்டுப் பெண்களின் பெயர் எந்த வேலைக்காரப் பெண்ணின் பேட்ஜிலும் வரக் கூடாது. அக்கா முப்பது வருடம் ரஞ்சனியாகவே சேலை விரித்தாள். கூப்பிட்டால் திரும்பப் பழகிவிட்டது என்பாள். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது முதல் வேலையாகப் பேட்ஜைக் கழற்றிவிடுவாள்.

போன வருடம் ஆடித் தள்ளுபடிக்கு ஆள் எடுத்தபோது வால்பாறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். பெயர் ரித்திகா. இப்போது கல்லாவில் உட்காரும் பாலுசாமியின் மகன் கிருபாசங்கருக்கு அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. அவருடைய மகளும் ரித்திகா.

"எங்க பாப்பா பேரும்மா அது. இங்க உக்காந்துட்டு 'ரித்திகா, கூட்டிப் பெருக்கு'ன்னு எப்படிச் சொல்றது? ராணின்னு போட்டுக்கோ."

"எங்க லைன்லயே மூணு ரித்திகா இருக்கோம் சார். எங்கம்மா ஆசையா வெச்ச பேரு. மாத்தணும்னா நான் ஊருக்கே போயிடறேன்" என்றாள் அந்தப் பெண். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

அக்கா அவள் கையைப் பிடித்தாள். "இரு கண்ணு. போயிடாத." பேரை மாற்றாதே என்று எந்த வாயால் சொல்வது? தானே அன்றைக்குச் சரி என்று தலையாட்டியவள்தானே.

அந்த நேரத்தில்தான் காரில் வந்து இறங்கினாள் லோகப்பிரியா என்ற வாடிக்கையாளர். இடுப்பில் கொழுகொழுவென்று குழந்தை. காதுகுத்துக்குப் பட்டுப்பாவாடை வேண்டும். அக்கா பழக்கதோஷத்தில், "பாப்பா பேரென்னங்க?" என்றாள்.

"ராசாத்தாள்."

அக்காவின் கையிலிருந்த பாவாடை கீழே விழுந்தது.

"சிரிக்காதீங்க அக்கா. ஃபிளாட்ல எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு ரித்திகா வருது. எங்க வீட்டுக்காரரோட பூட்டி பேரு இது. எல்லாரும் 'செம கெத்தா இருக்கு, எங்க புடிச்சீங்க'ன்னு கேக்கறாங்க!"

"எங்கயும் புடிக்க வேண்டாங்க. என்ர பேருங்க அது!" அக்கா கத்தியே விட்டாள். கடையே திரும்பிப் பார்த்தது. "நானும் ராசாத்தாள்தானுங்க!"

லோகப்பிரியா பேட்ஜைப் பார்த்தாள். "ரஞ்சனின்னு போட்டிருக்கு?"

"கடைக்கு வெச்ச பேருங்க. களையெடுக்கறவ பேராட்டம் இருக்குதுன்னு பெரிய மொதலாளி மாத்திப்போட்டாருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்குப் புரிந்தது. குழந்தையைப் பெற்றவள் கல்லாப் பக்கம் திரும்பினாள். கிருபாசங்கர் எழுந்து நின்று, "அதெல்லாம் அப்பா காலத்துலங்க... எங்க அப்பாவப் பெத்த ஆத்தா பேரே காளியாத்தாள்தானுங்க" என்று மேலே கையைக் காட்டினார். காட்டிய கை பாதியில் நின்றது. படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு ராசாத்தாளும் சேந்து ஒரு போட்டோ" என்று லோகப்பிரியா குழந்தையை அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. முதலில் பேட்ஜைக் கழற்றி, விலை ஒட்டும் ஸ்டிக்கரில் தன் பெயரை எழுதி அதன்மேல் ஒட்டிக் குத்திக்கொண்டாள். பிறகுதான் குழந்தையை வாங்கினாள். அது அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது.

படம் எடுத்து முடித்ததும் இன்னொரு ஸ்டிக்கரை ரித்திகாவிடம் நீட்டினாள். "உன்ர பேர எழுது சாமி." எழுதலாமா என்று அந்தப் பெண் முதலாளியைப் பார்த்தாள்.

"இனிஷியலச் சேத்திப் போட்டுக்கோ" என்றார் கிருபாசங்கர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இதையெல்லாம் அக்கா எனக்கு நடித்தே காட்டினாள், முதலாளியின் பாதியில் நின்ற கை உட்பட. ஆனால் வீட்டுக்கு வந்து சொல்லும் வரை அவளுக்குப் பொறுக்கவில்லை. மாலையில் பஸ்ஸிலிருந்தே போன் வந்தது. எப்போதும் "நாந்தான்டா" என்று தொடங்குகிறவள்.

"அலோ! ராசாத்தாள் பேசறேன்!"

"எந்த ராசாத்தாளுங்க?" என்றேன், விளையாட்டாக.

"பட்டுக்கடை ராசாத்தாள்டா!" மேட்டுப்பாளையம் ரோடு முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் பக்கத்திலிருந்து கண்டக்டரின் குரலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ராசாத்தாளக்கா, டிக்கெட்ட வாங்கிட்டுப் பேசுங்க."