நிற்க இடமில்லாத நாடகம்

"என் கேமராவுக்கு முன்னாடி காலி நாற்காலின்னு ஒண்ணு கிடையாது" என்று அவர் ஒருமுறை பல் மருத்துவரிடம், வாய்க்குள் பஞ்சு இருந்த நிலையிலும், தெளிவாகச் சொன்னார். மருத்துவர் மறுக்கவில்லை.

தெரிந்தவர்கள் அவரை 'லென்ஸ்' என்பார்கள். மேடை நிகழ்ச்சிகளைப் படமெடுத்து, சமூக வலைத்தளங்களில் போட்டு, அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பது தொழில். முப்பது பேர் வந்த பாட்டு நிகழ்ச்சியை மாநாடாக்குவது அவருக்குக் கைவந்த கலை. நீள லென்ஸை மாட்டி மேடையோரம் முட்டி போட்டாரென்றால், வரிசைகளுக்கு நடுவிலிருந்த வெற்றிடமெல்லாம் போன இடம் தெரியாது. இடைவேளையில், "அந்தப் பக்கம் உக்காருங்க, காத்து நல்லா வரும்" என்று இடப்பக்கத்தவர்களை வலப்பக்கம் மாற்றி, மறுபடி எடுப்பார். இதனால் ஒரு வழுக்கைத் தலை ஏழு படங்களில் ஏழு இருக்கைகளில் பளபளத்தது. யாரும் கேட்கவில்லை. வழுக்கைகளுக்குள் ஒற்றுமை சகஜம்.

அவருடைய அக்கா சிரிப்பு நாடகக் குழு நடத்தினார். சனிக்கிழமைதோறும் ஓர் அரங்கில் நாடகம். தம்பியின் படங்களுக்கு லைக்குகள் மழையாகக் கொட்டின. அரங்கில் தூறல்கூட இல்லை.

அரங்க உரிமையாளர் அக்காவைக் கூப்பிட்டார். "படத்த நானும் பாத்தேம்மா. ஆனா வாசல்ல டிக்கெட்டக் கிழிக்கிறது நான்தானே? வர்ற சனிக்கிழமை பாதி அரங்காவது நிரம்பணும். இல்லேன்னா சோபா கடைக்காரர் கண்காட்சி போட இடம் கேக்கறாரு. சோபாவாவது இடத்த அடைக்கும்."

அக்கா நேராகத் தம்பியிடம் வந்தார். "எனக்குக் கூட்டம் வேணும்டா. கூட்டத்தோட போட்டோ வேணாம்."

"இன்னும் கொஞ்சம் கீழேருந்து எடுத்தா…"

"இன்னும் கீழ போனா பூமிக்குள்ளதான் போகணும். இந்த இடமும் போச்சுன்னா குழுவக் கலைச்சிட வேண்டியதுதான். ஏற்கெனவே ஆள் இல்லாம உங்க மாமாவே மூணு வேஷம் கட்டறாரு. போன வாரம் அவரையே அவரு கட்டிப்பிடிக்க வேண்டியதாப் போச்சு."

கவலை தாடியாக வளர்ந்துவிட்டதால் லென்ஸ் சலூனுக்குப் போனார். சலூன்காரர் நுரை தடவியபடி பேச்சுக் கொடுத்தார்.

"உங்க அக்கா நாடகத்துக்குப் போகணும்னு வீட்ல உயிர எடுக்கறாங்க, தம்பி. ஆனா உங்க படத்தப் பாத்தாலே மூச்சு முட்டுது. எனக்கு முழங்கால் வலி வேற. நின்னுட்டே எப்படிச் சிரிக்கிறது?"

அடுத்துக் காத்திருந்தவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "டிக்கெட் தீந்துருக்கும்னு நான் கேக்கவே இல்லப்பா."

ஊரே வந்துவிட்டது என்று நம்பித்தான் ஊர் வராமல் இருக்கிறது என்பது லென்ஸுக்குப் பாதிச் சவரத்தில் விளங்கியது. மீதிப் பாதியைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்.

சலூனிலிருந்து நேரே அரங்கத்துக்குப் போனார். எல்லா விளக்கையும் போட்டு, பால்கனியிலிருந்து அகல லென்ஸால் ஒரு படம் எடுத்தார். ஆளில்லாத நாற்காலிகள் அணிவகுத்து நின்றன. கீழே எழுதினார்: 'சனிக்கிழமை சிரிப்பு நாடகம். உட்கார இடம் இருக்கிறது. காலை நீட்டிக்கொள்ளலாம்.'

அடுத்த நிமிடம் போன் அலறியது. "டேய், மானத்த வாங்கிட்டியேடா!"

"சனிக்கிழமை வரைக்கும் திட்டாத அக்கா. அப்புறம் மொத்தமாத் திட்டு."

சனிக்கிழமை சலூன்காரர் மனைவியோடு வந்து, ஓரத்து நாற்காலியில் அமர்ந்து, முழங்காலை முறைப்படி நீட்டினார். அவருக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தார்கள். ஊரில் இத்தனை முழங்கால் வலியா என்று திரை இடுக்கில் பார்த்த மாமா கலங்கிப்போனார். பாதி அரங்குக்கு மேல் டிக்கெட் கிழித்த உரிமையாளர், கை வலிக்கிறது என்று சலித்துக்கொண்டே சோபா கடைக்காரரை வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

நாடகம் நடக்கையில் லென்ஸ் பால்கனிக்கு ஏறினார். நீள லென்ஸ் பைக்குள்ளேயே கிடந்தது. பின்வரிசைகள் மூன்று காலியாக இருந்தன. அவை ஒன்றுவிடாமல் தெரியும்படி ஒரு படம் எடுத்து, அடுத்த வாரத்துக்கான விளம்பரமாகப் போட்டார்.