மூன்றாம் வகுப்புச் சுவரில் பனிமனிதன்

நீடாமங்கலத்தைத் தாண்டி, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். போன மார்கழியில் அங்கே நடந்ததை இன்னும் என்னால் ஆறப்போட முடியவில்லை.

அந்த மாதம் ‘குளிர்கால எழுத்து வாரம்’ என்று வழவழப்பான ஒரு ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் வந்தது. பாடத்திட்டம் போடும் ஒருங்கிணைப்பாளர் மேடம் அதை ஆசையாக வரவழைத்திருந்தார். முதல் பயிற்சி, ‘உன் பனிமனிதனுக்கு ஒரு கடிதம் எழுது.’

“மிஸ், ஸ்னோன்னா என்ன?” என்று ஒரு பையன் கேட்டான்.

“பனி” என்றேன்.

“காலைல பைக் சீட்டுல ஈரமா இருக்குமே, அதுவா? அதுல எப்படி மிஸ் பொம்மை செய்றது?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் நானே கரும்பலகையில் ஒரு கடிதம் எழுதிப்போட்டேன். அத்தனை பிள்ளைகளும் அதையே பார்த்து எழுதினார்கள். ஒரே கடிதம், ஒரே பனிமனிதன், ஒரே கேரட் மூக்கு. திருத்தத் திருத்த எரிச்சல் ஏறியது. இதற்குப் பெயர் எழுத்துப் பயிற்சியா?

மறுநாள் புத்தகத்தை மூடச் சொன்னேன். “உங்க வீட்டுல குளிர்காலம் எப்படி இருக்கும்? ஸ்பெல்லிங்கைப் பத்திக் கவலைப்படாம எழுதுங்க” என்றேன்.

அரை மணி நேரம் யாரும் தலை நிமிராமல் எழுதினார்கள். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவதை ஒருவன் எழுதினான். கடைத்தெருவிலிருந்து வரும் ஒரு பெண், துபாயிலிருந்து அத்தா கொண்டுவந்த கம்பளிக்குள் தம்பியோடு சண்டை போடுவதை எழுதினாள். முன்வரிசையில் உட்காரும் பெண் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மழைத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கல்யாண மண்டபத்தில் படுத்தோம். இப்போது அம்மா களை பறிக்கப் போகிறாள். சேறு அவள் கால் விரல்களைத் தின்கிறது. நான் மஞ்சள் தடவுகிறேன்.’

ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டினேன்.

சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். வெள்ளிக்கிழமை மதியம் மேடம் வகுப்புக்குள் வந்தார். சுவரைப் படித்துக்கொண்டே போனவர் முன்வரிசைப் பெண்ணின் தாளுக்கு முன்னால் நின்றார். சரக்கென்று பிய்த்தார்.

“என்ன மிஸ் இது? சேறு, புண்ணு! ஃபீஸ் கட்டுற பேரண்ட்ஸ் இதையா வந்து பாக்கணும்? எல்லாத்தையும் எடுத்துட்டு ஸ்னோமேன ஒட்டுங்க.”

“மேடம், இது பிள்ளைங்க சொந்தமா எழுதுனது.”

“சொந்தமா எழுதுறதுக்கு எதுக்கு இங்கிலீஷ் மீடியம்?”

அவர் போனதும் முன்வரிசைப் பெண் எழுந்து நின்றாள். “நான் தப்பா எழுதிட்டேனா மிஸ்?”

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. என் அம்மாவும் நடவுக்கும் களைக்கும் போனவள்தான். மார்கழி முழுக்க அவள் விரலிடுக்குகள் வெந்து கிடக்கும். அதைப் பார்க்கக்கூடாத அசிங்கம் என்று என் வகுப்பில் நின்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார்.

“தப்பே இல்ல. உக்காரு” என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மற்ற ஆசிரியைகளே பஞ்சில் பனிமனிதன் செய்து, அச்சடித்தது போன்ற அந்தக் கடிதங்களைச் சுற்றி ஒட்டினார்கள். நான் கை வைக்கவில்லை. கழற்றிய தாள்களைச் சேர்த்துப் பீரோவில் வைத்தேன். பிய்ந்த தாளை மட்டும் டேப் போட்டு ஒட்டினேன்.

சனிக்கிழமை அந்தப் பெண்ணின் அம்மா வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். மகள் சுவரைக் காட்டினாள்.

“இது யாருடி, வெள்ளையா?”

“ஸ்னோமேன்மா.”

“அவனுக்கு என்னன்னு எழுதியிருக்க?”

“தெரியாதும்மா. போர்டுல இருந்துச்சு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பீரோவைத் திறந்து தாள்களை எடுத்தேன். எல்லோர் முன்னாலும் பனிமனிதன் மேலேயே குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். மேடம் வாசலில் நின்று, “மிஸ், என்ன பண்றீங்க?” என்று கத்தினார். நான் திரும்பவில்லை. பெற்றோர் நெருக்கியடித்துக்கொண்டு சுவருக்கு வந்தார்கள். ஒரு அப்பா, குரங்குக் குல்லாயைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த அம்மாவுக்கு மகள் தன் தாளைப் படித்து, தமிழில் சொன்னாள். கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

“சேத்துப்புண்ண இங்கிலீஷ்ல எழுதலாங்களா மிஸ்?”

“எழுதிட்டாளே” என்றேன்.

புடவையை இழுத்துக் காலை மூடப்போனவள், பிறகு மூடாமலே நின்றாள்.

பெற்றோர் கூட்டத்தைப் பார்த்த பள்ளித் தாளாளர் அன்று எதையும் கழற்றச் சொல்லவில்லை. பொங்கல் விடுமுறை வரை தாள்கள் சுவரில் இருந்தன. ஜூனில் என்னை எல்.கே.ஜி.க்கு மாற்றினார்கள். காரணம் கேட்டேன்.

“உங்களுக்குக் கோபம் ஜாஸ்தி. சின்னப் பிள்ளைங்ககூட இருந்தா குறையும்” என்றார் தாளாளர்.

இந்த வருடமும் அதே புத்தகம் வந்திருக்கிறது. மூன்றாம் வகுப்பைக் கடந்து போகும்போது பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது தெரிகிறது. எனக்குக் கோபம் குறையவில்லை.