பேட்டரியின் அடிப்பக்கம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் டாக்டர்களின் அங்கிகளுக்கு இஸ்திரி போடுகிறவளுக்கு ‘மடிப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் தேய்த்த அங்கியின் மடிப்பில் வெள்ளரிக்காய் நறுக்கலாம் என்றால் கொஞ்சம் கூடுதல்தான். தக்காளி நறுக்கலாம், அது நிஜம்.

முட்டி தேய்ந்ததும் மடிப்பு மின்சார சைக்கிள் வாங்கினாள். அங்கேயே துணி அடுக்கும் அவள் தங்கையும் அதே நாளில் அதே வண்டியை வாங்கினாள். வாங்கிய வாரமே மடிப்பு, கவிழ்த்து வைத்திருந்த தன் பேட்டரியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை மறதியாக வைத்துவிட்டாள். அடிப்பக்கத்தில் முக்கோணத் தழும்பு. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் எல்லோரும் பேட்டரியைக் கழற்றி மாடி அலமாரியில் அவரவர் தட்டில் சார்ஜ் போடுவார்கள். அக்காவுடையதைத் தங்கையே கொண்டுபோய் வைத்து, சாயங்காலம் தூக்கி வந்து மாட்டியும் விடுவாள்.

“அந்த முட்டிய வச்சுக்கிட்டு நீ படியேறாதக்கா.”

மடிப்புக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆறு மாதம் பறந்த வண்டி, ஒரு காலை பாலத்து மேட்டில் மூச்சை விட்டது. மறுநாளும் அப்படியே. தங்கை பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போனாள்.

“உடம்பக் கொஞ்சம் குறைச்சுக்கோக்கா. அந்த வண்டியும் எத்தனை நாளைக்குத்தான் அழும்?”

மடிப்பு பாதிச் சாப்பாட்டோடு எழுந்தாள். இரண்டு வாரத்தில் அவள் நிழலே இளைத்துவிட்டது. வண்டிக்கு மட்டும் இரக்கம் வரவில்லை.

மாதத்தில் மூன்று முறை தாமதித்தால் இஸ்திரி மேசை போய்விடும். அப்புறம் ஈரத்துணித் தொட்டிதான். மூன்றாம் முறை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மேற்பார்வையாளர் நிமிரவே இல்லை.

“மேசைய உன் தங்கச்சிக்குக் குடுத்தாச்சும்மா. அவ போன மாசமே கேட்டு வச்சிருந்தா.”

சாயங்காலம் தங்கைக்குப் புது வேலை முடியவில்லை. இருவருடையதையும் எடுத்துவர மடிப்பே படியேறினாள். தங்கையின் தட்டிலிருந்த பேட்டரியைத் தூக்கும்போது அடியில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. முக்கோணம்.

கீழே கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். தங்கை தழும்பைப் பார்த்தாள். கையில் இருந்த அங்கியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“என்னோடது மழைல நனைஞ்சு கெட்டுப்போச்சு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா குடுத்திருப்பியா?” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எடுத்துக்கோக்கா. இனிமே எனக்கு அவசரமில்ல.”

மறுநாள் பாலம் ஒரே மூச்சில் பின்னால் போனது. இருபது நிமிடம் முன்னதாகவே மடிப்பு வந்துவிட்டாள். ஈரத்துணி அறையின் பூட்டுகூடத் திறக்கவில்லை. பேட்டரியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவளே மாடியேறினாள்.