கள்ளத்தோணிக்குப் போட்ட தாழ்ப்பாள்

வட்டகொடைக்கு மேலேயிருந்த எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்தியதில்லை. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில், கோழிகள் காணாமற்போகத் தொடங்கின. முதலில் பக்கத்துக் காம்பரா வீட்டின் சிவப்புப் பெட்டை, பிறகு எங்கள் சேவல். அதே வாரம் கணக்கப்பிள்ளை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கடல் தாண்டிக் களவாய் வந்த கள்ளத்தோணிகள் பெருகிவிட்டதாகவும் பொலிஸ் தேடுவதாகவும் சொன்னாராம். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இரண்டு செய்திகளும் கலந்து என் காதுக்கு வந்தன. கள்ளனை எனக்குத் தெரியும். கள்ளத்தோணி அவனைவிடப் பெரியவன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா டவுனிலிருந்து இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். அதைக் கதவில் அடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. முந்திய வருஷம் இந்தியாவிலிருந்து தோணியில் வந்தவர். கடல் எப்படி ஆடும் என்று என்னைத் தோளில் வைத்து ஆடிக் காட்டுவார். தோட்டத்தில் வேலைக்கு அவருக்குப் பேர் பதியவில்லை. அதனால் எனக்குத் தலை சீவி, பள்ளிக்கூடப் பாதை திரும்பும் முடக்குவரை தூக்கிப்போவது அவர் வேலை. முடக்கைத் தாண்டமாட்டார். கால் வலி என்பார்.

ஆணி அடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“மாமா, கள்ளத்தோணி வந்தா என்னா செய்வீங்க?”

வாயிலிருந்த ஆணிகளை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

“என்னா செய்ய, பாப்பா. பாவம், குளுருல வந்திருப்பான். ஒரு வாய் தேத்தண்ணி குடுப்போம்.”

“சும்மா இருடா,” என்றார் அம்மா. அடுப்பு மூட்டாமலே அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். கோழிகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அப்பா அவர்களிடம் சிங்களத்தில் நெடுநேரம் கெஞ்சினார். மாமா சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, என் தலையைத் தடவி, “கதவ நல்லா போட்டுக்கங்க, பாப்பா,” என்றுவிட்டு அவர்களுக்கு நடுவில் இறங்கிப் போனார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கள்ளத்தோணியைப் பிடிக்க எங்கள் மாமாவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களுடைய அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கோழிகளைத் தின்றது மரநாய் என்பது பிறகுதான் தெரியவந்தது. மாமா போன அன்று மாலை இருட்டத் தொடங்கியும் அம்மா கதவைச் சாத்தவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெளியே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, கள்ளத்தோணி உள்ளே வந்துவிடாதபடி, மாமா அடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டேன்.