முனிராஜ் சிரித்த படம்

நேற்று மகளின் பள்ளி ஷூவைக் கழுவ உட்கார்ந்தேன். விளையாட்டு விழா அன்று நல்ல மழை. இரண்டு ஷூவிலும் சேறு அப்பியிருந்தது. ஈர ரப்பரும் சேறும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. “என்னப்பா?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் எனக்குத் தொப்பை விழுந்தது. கேன்டீன் பொங்கலின் உபயம். அதைக் கரைக்கத்தான் ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்தேன். பதினைந்து பேர், பல கம்பெனிக்காரர்கள். ஞாயிறு காலையில் தென்பெண்ணைக் கரையில் ஓடுவோம். ஓடுவோம் என்பது மற்றவர்களுக்கு. நான் பாதி தூரம் நடந்துவிட்டு, படம் எடுக்கும் இடம் வந்ததும் ஓடுவேன். ஆற்றில் நுரை மிதக்கும். சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு நெடி வரும். அதுவும் பழகிப்போனது.

முனிராஜைக் குழுவுக்குக் கூட்டிவந்தது நான்தான். எங்கள் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் ஆள். அஞ்செட்டிக்கு மேலே ஏதோ ஒரு மலைக் கிராமம். நான் நாக்குத் தள்ள ஓடும்போது பக்கத்திலேயே ஓடியபடி, ஊரில் விட்டுவந்த மாடுகளின் குணத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவான்.

ஒரு மழைக்காலத்தில் அணைக்கட்டு வரை போவதாகத் திட்டம். அந்த ஞாயிறு பார்த்து அவனுக்கு வேலை நாளாக்கிவிட்டார்கள்.

“என்னால ஆவாதுண்ணா. லைன் ஓடுது.”

“காய்ச்சல்னு சொல்லிடு. ஒரு நாள்ல என்னா ஆயிடப் போவுது?”

கொஞ்சம் யோசித்தான். “நீங்க சொன்னா சரிண்ணா.”

அன்று கரை முழுக்கக் களி. ஒருவர் காலை எடுத்தார், ஷூ வரவில்லை. முனிராஜ் தன் ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு முன்னே போய் ஒவ்வொருவராகக் கைகொடுத்து இழுத்தான். கடைசியாக நான். என் எடையில் அவனே தொப்பென்று விழுந்தான். எழுந்தபோது தலை முதல் கால் வரை சேறு. பல் மட்டும் வெள்ளை. அப்படிச் சிரித்தான். ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்து, ‘எங்க சாம்பியன்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அவனுடைய கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் எண்ணும் என் போனில் இருந்தது நினைவிலேயே இல்லை.

திங்கள் காலை கேட்டில் அவன் கார்டு வேலை செய்யவில்லை. சூப்பர்வைசர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: “படத்தப் பாத்தேன். காய்ச்சக்காரனுக்கு ஆத்துல என்னா வேல?” முனிராஜ் என்னைப் பார்த்தான். “பேசிப் பாக்கறேன்டா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பேசவில்லை. எனக்கே அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. பொய் லீவுக்கு யோசனை சொன்னது யார் என்று கேட்டால்? மத்தியானம் கழிப்பறையில் நின்று ஸ்டேட்டஸை மட்டும் அழித்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தான். கையில் துணிப்பை.

“யார் படத்தப் போட்டாங்கன்னு தெரிலண்ணா. நம்ம ஆளுங்க வேணும்னு செய்ய மாட்டாங்க. யாரையும் திட்டிக்கிட்டு இருக்காதீங்க.”

“விசாரிக்கறேன்” என்றேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் சொன்னதாக நினைவில்லை. டீக்கு அவனே காசு கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு சாம்பியன் எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போய்விட்டான் என்றேன். பிறகு ஒருவருக்கு ஓவர்டைம், ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்குக் கல்யாணம்; குழு கரைந்துபோனது. நாங்கள் ஓடிய கரையில் இப்போது மனைப்பிரிவுக்காரர்கள் கல் நட்டுக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். ஆற்றுக்கு இறங்கவே வழியில்லை.

போன வருஷம் மனசு கேட்காமல் முனிராஜின் எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். பெயரைச் சொன்னேன். “யாரூ இல்லா சார், ராங் நம்பர்” என்றாள் கன்னடத்தில். எண் கைமாறியிருந்தது. உடனே வைக்க முடியவில்லை. படத்தைப் போட்டது நான்தான் என்று அவளிடமாவது சொல்லிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.