இரண்டு ஊர் மருந்து

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பைக்கை நிறுத்தி, பணம் கட்டுவதற்காகப் பர்ஸை எடுத்த ஆள் நான்தான். டூவீலருக்கு டோல் கிடையாது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். நானோ விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் பிழைப்பு நடத்துகிறவன். அந்த டோல்கேட்டின் ஓரச் சந்து வழியாகப் பதினோரு வருடமாக வாரத்துக்கு ஆறு நாள் போய் வருகிறவன். அன்றைக்கு மட்டும் இரண்டு லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்று, என் முறை வந்ததும், "ரிட்டனும் சேத்துப் போட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது எனக்கு நினைவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு நினைவிருக்கிறது. என் காலம் முடியும்வரை இருக்கும்.

பழியை ஜலதோஷத்தின் மேல் போட்டுவிடலாம். ஆனால் ஜலதோஷம் பாவம், அது தன் வேலையைத்தான் செய்தது.

புதன்கிழமை மூக்கில் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை மார்புக்கு இறங்கி இருமலாயிற்று. திண்டிவனத்தில் நான் பத்திரம் எழுதுகிறேன். நிலத்தின் நான்கு எல்லைகளையும் இரண்டு முறை வாசித்துக் காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டேன். "படிச்சிப் பாத்துட்டுப் போடுங்க" என்பதுதான் ஒரு நாளில் நான் அதிகம் சொல்லும் வாக்கியம். அந்த வெள்ளிக்கிழமை மாலை என் மேஜைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் மெடிக்கலில் சிரப் வாங்கினேன். இருமல், சளி, காய்ச்சல் மூன்றுக்கும் ஒரே பாட்டில். கடையில் இருந்த பெண் கேட்டாள்.

"வேற எதுனா மாத்திரை சாப்புடுறீங்களா சார்?"

"இல்லம்மா."

"ராத்திரி படுக்கப் போறப்ப மட்டும் குடிங்க. தூக்கம் வரும். காலையில வண்டி எடுக்கற வேலை இருந்தா வேணாம்."

"எனக்கு வேலை செய்யும்போதே தூக்கம் வரும்மா. இதுல புதுசா என்னா வந்துடப் போவுது?"

அவள் சிரிக்கவில்லை. மருந்துக் கடைகளில் என் நகைச்சுவை எடுபடுவதில்லை.

மாத்திரை எதுவும் இல்லை என்று நான் சொன்னது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் விழுப்புரத்தில், எங்கள் தெருமுனைக் கடையில், "சளிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கியிருந்தேன். செட் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து இந்த அட்டையில் கொஞ்சம், அந்த அட்டையில் கொஞ்சம் என்று வெட்டி, ஒரு காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் மூன்று கோடு கிழித்துத் தருவார். மூன்று கோடு என்றால் மூன்று வேளை. மாத்திரையின் பெயர் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். வாங்கியவனுக்குத் தெரிவது நிறம் மட்டும். என்னுடைய செட்டில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சின்ன ரோஸ்.

அந்த மாத்திரையும் இந்தச் சிரப்பும் உறவாக இருக்கக்கூடும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஒன்று கட்டி, ஒன்று தண்ணி. ஒன்று விழுப்புரம், ஒன்று திண்டிவனம். நடுவே முப்பத்தேழு கிலோமீட்டர் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவிக்குத் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் அரசு வேலைக்கான தேர்வு. மூன்றாவது தடவை. போன தடவை இரண்டே கேள்வியில் கைநழுவிப் போனது. இந்தத் தடவையும் இல்லையென்றால் புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவதாக அவளே சொல்லியிருந்தாள். தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து, சோறு வேகும் நேரத்தில் படித்தவள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இன்னமும் அரசியலமைப்பின் பிரிவுகள் ஒட்டியிருக்கின்றன. தேர்வுக்கு ஒன்பது மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். ஒரு நிமிடம் தாமதம் என்றாலும் வெளியேதான்.

சனிக்கிழமை சாயங்காலமே அவள் சொன்னாள், "நான் பஸ்ல போய்க்கிறேன். நீங்க இருமிக்கினு கெடக்கறீங்க."

"பஸ்ஸு வழியில நின்னுடுச்சின்னா? நான் கொண்டாந்து உடறேன். பதினோரு வருசமாப் போற ரோடு. கண்ண மூடிக்கினு ஓட்டுவேன்."

சில வாக்கியங்களைப் பேசும்போதே நாக்கைக் கடித்துக்கொள்வது நல்லது.

அன்று படுக்கும்முன் செட்டில் ஒரு வேளையை விழுங்கினேன். மேலே சிரப். பாட்டிலோடு வந்த அளவு மூடி குண்டூசி போட்டு வைக்க வாகாக இருந்ததால், அதைத் திண்டிவனத்திலேயே மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆகவே பாட்டிலை அப்படியே வாயில் வைத்து ஒரு மடக்கு. விடியற்காலை நாலரை மணிக்கு இருமல் எழுப்பிவிட்டது. மூன்று வேளை என்றுதானே போட்டிருக்கிறது, இதுவும் ஒரு வேளைதானே என்று செட்டில் இன்னொரு வேளை, சிரப்பில் இன்னொரு மடக்கு. இரண்டாவது மடக்கு முதலாவதைவிடப் பெரியது. கசப்பு பழகிவிட்டது.

ஏழேகால் மணிக்குக் கிளம்பினோம். நான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்ததை மனைவி வாசலில் பார்த்துத் திருத்தினாள்.

"என்னா ஆச்சி உங்களுக்கு?"

"நல்லாத் தூங்கினேன். அதான்."

நெடுஞ்சாலை ஏறியபின் நடந்ததைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. எல்லாம் என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி நடந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. யாருக்கோ அடிக்கிறான், அந்த ஆளுக்குப் பொறுப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு முறை மனைவி என் தோளில் குத்தினாள். வழியில் ஏதோ பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இப்படித்தான் டோல்கேட் வந்தது, பர்ஸும் வெளியே வந்தது.

"அண்ணே, பைக்குக்கு டோல் இல்லண்ணே. ஓரமாப் போங்க. ஜல்தி, ஜல்தி, பின்னாடி வண்டி நிக்குது" என்றார் கூண்டுக்குள் இருந்தவர்.

"பரவால்ல, போட்டுக்கங்க."

என் இடுப்பை ஒட்டி ஒரு கை வந்து சாவியைத் திருகி உருவியது.

"எறங்குங்க" என்றாள் மனைவி.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரத்திலிருந்த டீக்கடைக்குப் போனோம். தள்ளியது அவள். நான் கூட நடந்தேன். என் சட்டைப் பையில் இருந்த காகித உறையையும், வழியில் இருமினால் உதவும் என்று பையில் போட்டு வந்திருந்த பாட்டிலையும் அவள் பெஞ்சில் பரப்பினாள். பாட்டிலின் மேல் இருந்த பொடி எழுத்தைக் கேள்வித்தாள் மாதிரி வரி விடாமல் படித்தாள்.

"இந்த மாத்திரை என்னா மாத்திரை?"

"வெள்ள, மஞ்சா, ரோஸு."

"சிரப்பு எவ்ளோ குடிச்சீங்க?"

"ரெண்டு மடக்கு."

"ஒரு மடக்குன்னா எவ்ளோ?"

"அது அவங்கவங்க வாயப் பொறுத்தது."

பொதுவாக இந்த மாதிரி இடத்தில் அவள் சிரித்துவிடுவாள், நான் தப்பித்துவிடுவேன். அன்று அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு ஐம்பத்தைந்து.

"மூஞ்சி கழுவிக்கினு ஒரு டீ குடிச்சா சரியாயிடும். நானே ஓட்டறேன்" என்றேன்.

"டீ குடிச்சா மருந்து எறங்கிடுமா?"

டோல்கேட்டில் பஸ்கள் நிற்பதில்லை, வேகம் குறைத்துத்தான் போகும். திண்டிவனம் பஸ் ஒன்று ஊர்ந்து வந்தது. அவள் கையைக் காட்டினாள். கண்டக்டர் விசில் ஊதி நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டீக்கடை மூங்கிலில் சாய்ந்து, கண்ணைத் திறந்து வைத்திருக்கும் வேலையில் இருந்தேன். அவள் காலைக் கீழே எடுத்துவிட்டாள். பஸ் போய்விட்டது.

"ஏன் உட்ட?" என்று கேட்டேன்.

அவள் டீக்கடைப் பெண்ணிடம் போனாள். "அக்கா, எனக்கு ஒம்போது மணிக்குப் பரீட்சை. இவர ஒரு ஆட்டோல ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். வண்டியத் தொட உடாதீங்க."

"நீ பரீட்சைக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன். இவரு எங்க ஓடப் போறாரு? நிக்கவே முடியலியே" என்றாள் அந்தப் பெண். சொன்ன கையோடு ஒரு ஷேர் ஆட்டோவை மடக்கி நிறுத்தினாள். மருந்துகளை என் மடியில் போட்டு, "எல்லாத்தயும் டாக்டர் முன்னாடி எடுத்து வைங்க. ஒண்ணும் மறைக்காதீங்க" என்றாள் மனைவி. என் ஆட்டோ நகர்ந்த பிறகுதான் அவள் அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள். அப்போது எட்டு பதினைந்து இருக்கும். அந்த பஸ் நின்றதா என்று பார்க்கத் திரும்பினேன். அதற்குள் கண் மூடிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் மருந்துகளை மேஜையில் வரிசையாக வைத்தார். வெட்டிய துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"பேரே இல்லாம இருந்தா எனக்கு எப்படிங்க தெரியும்?"

உறையின் மேல் கடையின் போன் நம்பர் இருந்தது. அவரே கூப்பிட்டு, மாத்திரைகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காய்ச்சல் மருந்து இரண்டிலும் இருந்தது. தூக்கம் வரவைக்கும் சளி மருந்தும் இரண்டிலும் இருந்தது. கட்டியும் தண்ணியும் சொந்த அண்ணன் தம்பி.

"காய்ச்சல் மருந்து அளவு தாண்டினா ஈரல் போயிடும். வெளிய ஒண்ணுமே தெரியாது. குடிப்பீங்களா?"

"சிரப்பு மட்டுந்தான்."

"மதுவைக் கேட்டேன்."

"இல்லைங்க."

"நல்லது. அதுவும் சேந்திருந்தா இங்க உக்காந்து ஜோக்கு சொல்லிக்கினு இருக்க மாட்டீங்க."

ரத்தம் எடுத்தார்கள், இரண்டு மணி நேரத்துக்கும் மேல் படுக்க வைத்தார்கள். இந்தத் தடவை அளவு எல்லைக்கு உள்ளேதான் இருந்ததாம். ராத்திரி மருந்தை, முழு ராத்திரியும் தூங்க நேரம் இருந்தால்தான் குடிக்க வேண்டும், விடியற்காலையில் கூடாது. மறுநாள் காலை மந்தமாக இருந்தால் வண்டியைத் தொடக்கூடாது. அதற்கென்று கொடுத்த மூடியில்தான் அளக்க வேண்டும். எந்தக் கடைக்குப் போனாலும் ஏற்கெனவே சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பாட்டிலின் பொடி எழுத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பஸ் பிடித்துத் திண்டிவனம் போனேன். மனைவியின் போன் ஸ்விட்ச் ஆஃப். உள்ளே போயிருந்தால் அணைத்துத்தான் வைத்திருப்பாள். கதவு மூடிய பிறகு வந்து நின்றிருந்தாலும் அணைத்துத்தான் வைத்திருப்பாள், என் குரலைக் கேட்கக் கூடாது என்பதற்காக. பள்ளிக்கு வெளியே கையில் ஹெல்மெட்டோடு நாற்பது ஐம்பது கணவன்மார்கள் நின்றிருந்தார்கள். பெண்டாட்டியைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள். நான் அவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன்.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. கடைசிக் கூட்டத்தில் அவள் வந்தாள். முதலில் என் கண்களைப் பார்த்தாள், பிறகு டாக்டரின் சீட்டை வாங்கிப் படித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கதவை மூட நான்கு நிமிடம் இருக்கும்போது ஓடி வந்து நுழைந்ததாக, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

சிரிக்க வைக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதும் போகவில்லை. தேர்வுக் கண்காணிப்பாளர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "சரி, பரீட்சை எப்படி எழுதின?" என்று கேட்டேன்.

"முழிச்சிக்கினு எழுதினேன்" என்றாள்.